பெயர் இல்லாமல் வீட்டுக்கு வந்த மரம்

கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க்கடிகாரம், கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு, பணி ஓய்வுக்குச் சால்வை என்றிருந்த வழக்கம் மெல்ல மாறிவருகிறது. இப்போது விசேஷ வீட்டுக்கு யாராவது ஒருவர் பீங்கான் தொட்டியோடு வந்துவிடுகிறார். தொட்டியில் முழம்கூட இல்லாத ஒரு குட்டி மரம். சிவப்பு ரிப்பன் கட்டி, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, ‘போன்சாய்’ என்று ஒரு அட்டை செருகியிருப்பார்கள். என்ன மரம் என்று அந்த அட்டையில் இருக்காது. வாங்கி வந்தவருக்கும் தெரியாது. பல நேரம் விற்ற கடைக்காரருக்கே தெரியாது.

மொட்டை மாடியில் பல வருடங்களாகத் தொட்டி மரங்கள் வளர்க்கிறேன். அதனால் எங்கள் குடியிருப்பில் இப்படி வந்து சேரும் மரங்கள் எல்லாம் ஒருமுறையாவது என் வீட்டு வாசலைப் பார்த்துவிடும். “இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?” என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். மரத்தின் பெயர் தெரியாமல் அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

போன்சாய் என்பது வளர்க்கும் முறை. வேரையும் கிளையையும் கத்தரித்து, ஆழமில்லாத தொட்டியில், முதிர்ந்த மரத்தின் தோற்றத்தோடு சிறிதாகவே வைத்திருப்பார்கள். ஆலமரத்தை அப்படி வளர்க்கலாம், புளியை வளர்க்கலாம், ஜப்பானிய பைனை வளர்க்கலாம், ஆப்பிரிக்கப் பாலைவனச் செடியையும் வளர்க்கலாம். தொட்டிக்குள் வந்துவிட்டதால் எதற்கும் பிறவிக் குணம் மாறாது. எங்கள் பிளாக்கில் ஒரே கடையிலிருந்து இரண்டு வீடுகளுக்கு இரண்டு தொட்டிகள் வந்தன. இரண்டிலும் ‘இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்’ என்று ஒரே குறிப்பு. ஒன்றில் இலையிலேயே தண்ணீரைச் சேமிக்கும் ஜேடு, இன்னொன்றில் மண் முழுக்கக் காய்ந்தால் தாங்காத கார்மோனா. ஜேடுக்கு வேர் அழுகி அடித்தண்டு கருத்துவிட்டது. கார்மோனா தண்ணீர் போதாமல் இலை சுருண்டு நின்றது. இரண்டு வீட்டாரும் குறிப்பைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள்.

மரம் வந்த அன்று நான் முதலில் பார்ப்பது தொட்டியை. இலையெல்லாம் அப்புறம்தான். மேலே பரப்பிய கூழாங்கல் கையோடு வருகிறதா, ஒட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் வரும்போது சிந்தக் கூடாது என்று பல நர்சரிகளில் பசை ஊற்றிக் கல்லை ஒட்டிவிடுகிறார்கள். ஊற்றும் தண்ணீர் அந்தக் கல்மூடியின் மேலே ஓடித் தொட்டியின் ஓரமாக வழிந்து போய்விடும். நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓரத்திலிருந்து நெம்பினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். வேரைக் குத்திவிடாமல் மெதுவாகச் செய்ய வேண்டும். எந்த மரமாக இருந்தாலும் இதைச் செய்யலாம், பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து தொட்டியின் அடி. ஓட்டை இருக்கிறதா? இருந்தால் அடைபட்டிருக்கிறதா? ஓட்டையே இல்லாத அழகுத் தொட்டிகள் நிறைய விற்கிறார்கள். அப்படி வந்த மரத்தை உடனே வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். அதன்பின் கிளைகளைத் தடவிப் பாருங்கள். வளைத்துக் கட்டிய அலுமினியக் கம்பி பட்டைக்குள் இறங்கியிருந்தால், சுற்றிய திசையில் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பிரிக்கப் போனால் கிளை ஒடிந்துவிடும். இந்த மூன்று வேலைக்கு மேல் முதல் சில வாரங்களில் எதுவும் வேண்டாம். உரம் வேண்டாம், கத்தரிக்க வேண்டாம். கடையிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து ஏசி ஹால், ஹாலிலிருந்து உங்கள் வீடு என்று ஏற்கெனவே அலைந்து வந்த மரம் அது.

இனி அடையாளம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். எதிரெதிராக இரண்டிரண்டா, மாறி மாறி ஒவ்வொன்றா? அப்புறம் ஓரமாக ஓர் இலையைக் கிள்ளுவேன். காம்பிலிருந்து பால் வடிந்தால் பாதி வேலை முடிந்தது. பால் வந்து, தளிர் நுனியில் ஊசி மாதிரி கூம்பிய உறை ஒன்று இருந்து, அது உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி வளையமாகத் தழும்பும் தெரிந்தால் அது ஆல், அரசு, அத்தி, இச்சிக் குடும்பத்துப் பிள்ளை. பலாவுக்கும் இந்த அடையாளம் உண்டு, ஆனால் பரிசுத் தொட்டியில் அது வருவது அபூர்வம். பால் வந்து, இலை உப்புக்காகிதம் மாதிரி சொரசொரவென்று இருந்து, அந்த வளையத் தழும்பு மட்டும் இல்லையென்றால் அது பராய் ஆக இருக்கலாம். திருச்சி பக்கத்தில் திருப்பராய்த்துறை சிவன் கோயிலின் தலமரம் அது. தாய்லாந்தில் அதன் பட்டையிலிருந்து ஒரு காலத்தில் காகிதம் செய்தார்கள். அங்கே வெட்டி உருவம் அமைத்து வளர்ப்பதற்கும் அதைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். என் பார்வையில் தமிழ்நாட்டு வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான தொட்டி மரம் குறைவு.

பால் வரவில்லையா? இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசியால் குத்தினாற்போல ஒளி கசியும் புள்ளிகள் இலை முழுக்கத் தெரிந்தால், அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பெரும்பாலும் அது எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இருக்கும் குடும்பம். கசக்கினால் மணம் வரும். பரிசாக வருபவற்றில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது பெரும்பாலும் காட்டுக் கறிவேப்பிலை. வெள்ளைப் பூ கொத்தாகப் பூத்தால் மாலையில் வீடே மணக்கும். வெயில் வேண்டும் அதற்கு.

கீழ் வீட்டு அக்காவுக்குப் பணி ஓய்வின்போது அலுவலகத்தில் கொடுத்த மரம் ஒன்று. அடர்பச்சையில், நகக்கண் அளவுக்கு மினுமினுக்கும் இலைகள். தண்டு சாம்பல் நிறத்தில் வெடிப்பு விட்டு, பார்த்தாலே வயதான மரம் மாதிரி இருந்தது. தொட்டியைத் திண்ணையில் வைத்ததும், “தம்பி, இலை பூரா பூச்சி முட்டை வச்சிருக்கு பாரு. மருந்து அடிச்சிடவா?” என்றார்.

இலையின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. பூச்சி முட்டை ஓரிடத்தில் கும்பலாக இருக்கும், ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது. இங்கே எல்லா இலையிலும் ஒரே சீரான இடைவெளி. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. போன் கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் குட்டியாக ஒரு முடி. இலைகள் கரண்டி வடிவில், குட்டைக் கணுக்களில் கொத்துக் கொத்தாக அமர்ந்திருந்தன. நுனியில் மட்டும் இரண்டு மூன்று பல். ஒரு கொத்துக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டு, பக்கத்திலேயே ஐந்து இதழில் ஒரு வெள்ளைப் பூ.

“இது கார்மோனா அக்கா. புள்ளி அதோட இலைக்குப் பிறவியிலேயே உள்ளது. மருந்தெல்லாம் வேண்டாம்.”

“வெளிநாட்டுச் செடியா?”

“கடையில அப்படித்தான் சொல்லி விப்பாங்க. நம்ம கடலோரப் புதர்க்காட்டுலயும் தானா முளைச்சுக் கிடக்கும்.”

அது உண்மை. சீனாவின் ஃபுஜியன் மாகாணப் பெயரைச் சேர்த்து ‘ஃபுகியன் டீ’ என்று உலகச் சந்தையில் விற்கப்படும் இந்தச் செடி, சோழமண்டலக் கரையோரத்து உலர் காடுகளிலும் கோயில் காடுகளிலும் முள்ளோடு முள்ளாக வளர்கிறது. இலங்கையிலும் உண்டு. பிலிப்பைன்சில் இதன் இலையில் கஷாயம் வைத்து வயிற்று வலிக்குக் குடிக்கிறார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. அதற்காகக் கடையில் வாங்கிய செடியின் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அதில் என்னென்ன மருந்து அடித்திருக்கிறார்களோ தெரியாது.

பெயர் தெரிந்ததும் வளர்ப்பது எளிதாகிவிட்டது. கடற்கரைப் புதரில் வளர்வது என்றால் வெப்பத்தைத் தாங்கும், வெளிச்சம் நிறைய கேட்கும், ஹாலின் மூலையில் டிவி பக்கத்தில் வைத்தால் வாடும். ஆழமில்லாத தொட்டியில் இருப்பதால் மண் முழுக்கக் காய விடக்கூடாது. அக்கா அதைக் கிழக்குப் பார்த்த பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார். காலை வெயில் விழுகிறது. இப்போது பூத்துப் பச்சைக் காய் பிடித்து, அது ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுக்கிறது. மாடிக்குக் கொண்டுவந்தால் குருவிகள் விடுவதில்லை.

நம் ஊரில் பரிசாக வருவதில் பெரும்பங்கு ஃபைகஸ், அதாவது முன்னே சொன்ன ஆல், அத்தி, இச்சி இனம். அதிலும் அடியில் கிழங்கு கிழங்காகக் கால் பரப்பி நிற்கும் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ‘ஜின்செங்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். மருந்துக்குப் பயன்படும் ஜின்செங்கோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது கல்லிச்சி என்கிற நம்மூர் இச்சி வகை. விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு அடித்தண்டும் வேரும் சேர்ந்து பருக்கும். அதை வளர்த்து, மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, சிறிய இலை உள்ள ஒட்டுக் குச்சிகளைச் செருகிவிடுவார்கள். ஃபுஜியன் மாகாணத்தில் சாங்சோ நகரைச் சுற்றி இதற்கென்றே பெரிய பெரிய பண்ணைகள் இருக்கின்றன.

ஒட்டுக்குக் கீழிருந்து தளிர் விட்டால் அதன் இலை பெரிதாக, வேறு வடிவில் வரும். ஒரே மரத்தில் இரண்டு விதமான இலை. பலரும் அதைப் பார்த்து நோய் என்று பயந்துவிடுகிறார்கள். அடித்தளிரைக் கிள்ளிவிட்டால் மேல் ஒட்டு வலுவாகும். எனக்கென்னவோ அடித்தளிரை வளரவிட்டு, ஒட்டைப் பிற்பாடு எடுத்துவிட்டு, ஒரே மரமாக வளர்த்தால்தான் அழகாக இருக்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஃபைகஸைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, அது இடம் மாற்றினால் இலை உதிர்க்கும். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் தரையெல்லாம் மஞ்சள் இலை. மெல்லிய குச்சிகளில் தொங்கும் இலையோடு இருக்கும் பெஞ்சமினா வகையில் இது இன்னும் மோசம். அந்த நேரத்தில் வீட்டார் செய்வது, பதறிப்போய் இன்னும் தண்ணீர் ஊற்றுவது, இன்னொரு இடத்துக்கு மாற்றுவது, உரம் போடுவது. இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். ஒரு நல்ல வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டு, சின்னக் கிளையொன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல் மண் காய்ந்ததும் தண்ணீர், மற்றபடி அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் தானாகத் துளிர்க்கும்.

இன்னொன்று. கல்லிச்சியின் இளம் இலை நடுநரம்பு வழியே மடங்கி, செம்புள்ளிகளோடு பொட்டலம் மாதிரி மூடிக்கொண்டால் அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, கமாவின் அளவுக்கு நெளியும் பூச்சிகள் இருக்கும். இலைப்பேன். மூடிய இலைக்குள் மருந்து போகாது. அந்த இலைகளையெல்லாம் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறிவதுதான் வழி. அதன் பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஜேடு என்று வருவதில் இரண்டு வகை. நம் நர்சரிகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் போர்ச்சுலகேரியா. இலை சின்னது, தண்டு செம்பழுப்பு. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் செடி. மற்றது கிராசுலா; இலை பெரிது, தடிப்பு, ஓரத்தில் சிவப்பு ஓடும். இரண்டுக்கும் இலை எதிரெதிராக இருக்கும், இரண்டும் இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்கும். அதனால் இலையே பேசும். சுருக்கம் விழுந்தால் தாகம். மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் கழன்று விழுந்தால் தண்ணீர் அதிகம். தாகத்தில் இருக்கும் ஜேடை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். வேர் அழுகியதை மீட்பது கஷ்டம். நல்ல நுனிக் கிளையை வெட்டி, சில நாள் நிழலில் காயவிட்டு, மணலில் செருகிப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடினியமும் காகிதப்பூவும் பூத்தாலே தெரிந்துவிடும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்லவில்லை. அடினியத்தின் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். கத்தரித்தால் கையை நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள். மார்கழிக் குளிரில் அது இலை கொட்டுவது இயல்பு, அப்போது தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். லக்கி பாம்பூ மூங்கிலும் இல்லை, போன்சாயும் இல்லை, டிரசீனா. தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

ஊசி இலை மரம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சென்னையில் ‘பைன் போன்சாய்’ என்று பரிசாக வந்த ஒன்றை நண்பர் ஒருவர் காட்டினார். அதன் ஒரு ‘ஊசி’யைப் பிடித்து இழுத்தேன். கணுவில் கழன்று வந்தது. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் விளையாடியவர்களுக்கு இது தெரியும். கணுவில் பிரித்து மறுபடி செருகிவிட்டு, எந்த இடம் என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். பச்சையாக ஊசி மாதிரி தெரிவது சவுக்கின் மெல்லிய கிளை. அதன் இலைகள் ஒவ்வொரு கணுவிலும் வளையமாக நிற்கும் பொடிப் பற்கள். சவுக்கு என்றால் கவலையில்லை. முழு வெயில், நிறைய தண்ணீர் இரண்டும் கொடுத்தால் நம் கடலோர ஊர்களில் அருமையாக வளரும், உப்புக்காற்றையும் தாங்கும்.

கழன்று வராமல், செதில் செதிலாகப் பச்சை அடுக்கு இருந்தால் அது ஜூனிப்பராக இருக்கலாம். குளிர்நாட்டு மரம். குளிர்காலத்தில் ஓய்வெடுத்தே பழகியது. அதை ஹாலில் வைத்து வளர்க்கவே முடியாது, எந்த ஊரானாலும் வெளியில்தான் இருக்க வேண்டும். அதில் இன்னொரு வேதனை, வேர் செத்த பிறகும் பல வாரங்கள் அதன் இலை பச்சையாகவே இருக்கும். கடையிலேயே செத்துப்போன மரத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு, தன் கையால்தான் செத்தது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. நுனியை விரலால் நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்தால் ஏற்கெனவே போய்விட்டது. உயிரோடு இருந்தால், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பெங்களூரிலோ உள்ள உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள். பரிசை இன்னொருவருக்குக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னை மே மாதத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் தப்பு.

போனில் இருக்கும் செயலிகளைக் கேட்கலாமா என்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். பிளான்ட்நெட்டும் கூகுள் லென்ஸும் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கின்றன. ஆனால் போன்சாயில் அவை தடுமாறும். தொட்டியில் வளர்த்தால் இலை இயல்பைவிடச் சிறுத்துவிடும், முழு மரத்தின் உருவமும் கத்தரிக்கோல் கொடுத்தது. அதனால் முழுத் தொட்டியையும் படமெடுக்காதீர்கள். ஓர் இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், தண்டில் இலை சேரும் இடம், பட்டை, பூவோ காயோ இருந்தால் அது என்று தனித்தனியாக, பின்னால் வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். செயலி சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு பாலும் மணமும் ஒத்துப்போகிறதா என்று நீங்கள் சரிபாருங்கள். பால் வடிகிற செடியை எலுமிச்சைக் குடும்பம் என்று அது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் பெயர் கிடைக்காத மரங்கள் இருக்கத்தான் செய்யும். பூக்கும் வரை காத்திருங்கள். அதுவரை இலையின் தடிப்பை வைத்து வளர்க்கலாம். சதைப்பற்றான இலை என்றால் மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர். மெல்லிய இலை என்றால் மேல் மண் காய்ந்ததும் தண்ணீர். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐஸ் குச்சி ஒன்றை ஓரமாக மண்ணில் செருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பார்த்தால் எவ்வளவு ஆழம்வரை ஈரம் என்று தெரிந்துவிடும். ஊற்றும்போது டம்ளர் கணக்கு வேண்டாம், அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மண் கட்டியாக இறுகித் தண்ணீரை உள்ளே விடவில்லையென்றால், தொட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி நின்றதும் எடுத்துவிடலாம்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, இலை நுனி கருகினால் அதுதான் காரணம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அதைத் தொட்டி மரத்துக்கு விடவே கூடாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

வெளியூர்ப் புத்தகங்கள் வசந்தம், இலையுதிர்காலம் என்று சொல்லும். நமக்குக் கத்திரியும் ஐப்பசி மழையும்தான் கணக்கு. கத்திரியில் மொட்டை மாடித் தரை சுடும்போது ஆழமில்லாத தொட்டிக்குள் வேர் வெந்துவிடும். செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள், பகலில் பச்சை நிழல்வலை போடுங்கள், காலையும் மாலையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்யும் நாட்களில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் தேங்காமல் வடியும். தொட்டி மாற்றுவதாக இருந்தால் மாசியிலோ, கத்திரி அடங்கி மேகம் போடும் ஆனி, ஆடியிலோ செய்வது என் வழக்கம். ஒரே தடவையில் வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. செம்மண் ஒரு பங்கு, சலித்த செங்கல் நொறுக்கு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஜேடு, அடினியம் என்றால் செங்கல் இன்னும் கூடுதல்.

வீட்டில் பெரியவர்கள் சிலர், போன்சாய் வைத்தால் குடும்ப வளர்ச்சி குன்றும் என்று சொல்லி அதை வாசலுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். ஒரு விதத்தில் மரத்துக்கு அது நல்லதுதான், வெளிச்சம் கிடைக்கும். அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. கோயில் மதிலைக் காட்டுவேன். பறவை எச்சத்தில் விழுந்த விதை முளைத்து, கல் இடுக்கில் ஒரு பிடி மண்கூட இல்லாமல், முழ உயரத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும் ஆலும் அரசும் எல்லா ஊரிலும் உண்டு. அதே கன்றைப் பெயர்த்துக் குளக்கரையில் நட்டால் ஊருக்கே நிழல் தரும். மரத்தைக் குட்டையாக வைத்திருப்பது கொடுமை என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மண்ணும் நேரத்துக்குத் தண்ணீரும் கிடைத்து, வேர் புதுப்பிக்கப்படும் தொட்டி மரம் நீண்ட நாள் வாழும். கொடுமை என்று நான் நினைப்பது, ஓட்டையில்லாத தொட்டியில் பசை ஊற்றிய கல்லோடு விற்பதைத்தான்.

எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஒரு பரிசு மரமே சாட்சி. 1976ல் அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது ஜப்பானிலிருந்து 53 போன்சாய்களை அன்பளிப்பாக அனுப்பினார்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் வைத்துப் பராமரித்தார்கள். அதில் ஒன்று மசாரு யாமாகி என்பவர் கொடுத்த வெள்ளைப் பைன், 1625லிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டது. என்ன இனம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதன் கதை தெரியாது. 2001ல் யாமாகியின் பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்து சொன்ன பிறகுதான், அது 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், நர்சரியின் மதில் சுவரால் தப்பிய மரம் என்று தெரியவந்தது. கொடுத்தவர் அதைச் சொல்லாமலே கொடுத்திருக்கிறார்.

அதைப் படித்ததிலிருந்து, தொட்டியோடு வருபவர்களிடம் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டுப் பேசச் சொல்கிறேன். எந்தக் கடை, எந்த ஊர் நர்சரி, வாங்கும்போது வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். ராஜமுந்திரி பக்கம் கடியம் பண்ணைகளிலிருந்து வந்த ஜேடு என்றால் அது நம்மைப் போல வெயிலில் வளர்ந்தது, நேராக மாடிக்குக் கொண்டு போகலாம். கண்ணாடிக் கூடத்தில் நிழலிலேயே இருந்த ஃபைகஸ் என்றால் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், எடுத்த எடுப்பில் மாடியில் வைத்தால் இலை கருகும்.

பரிசு கொடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் பெயர் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். ரிப்பனுக்குப் பதிலாக ஒரு சின்னத் தாளில், பேனாவால், மரத்தின் பெயர், வாங்கிய தேதி, கடைசியாகத் தொட்டி மாற்றிய மாதம், வெயிலா நிழலா என்ற நான்கையும் எழுதித் தொட்டிக்கு அடியில் ஒட்டிக் கொடுங்கள். பெறுகிறவர் அடுத்த முறை அதே தாளில் அடுத்த வரியை எழுதிக்கொள்ளட்டும்.